முகம் பார்த்துச் சொல்ல முடியாத விலை

கொடைக்கானலில் லாட்ஜ் வாடகை ஏறி இறங்குவதைப் போல வேறு எந்தப் பொருளின் விலையும் ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை. தங்கம் ஏறினால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். தக்காளி ஏறினால் ஒரு வாரம் புலம்பிவிட்டுப் புளியைக் கூடக் கரைத்து ஊற்றிக்கொள்வோம். அறை வாடகை அப்படியில்லை. காலையில் ஒன்று, மதியம் மிஸ்ட் மூடினால் ஒன்று, சாயங்காலம் மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டினால் வேறொன்று. வெள்ளிக்கிழமை ஒரு லீவு வந்து சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். நேற்றுவரை ஈயாடிக் கிடந்த அதே அறை, அதே கட்டில், அதே ஓரம் நைந்த திரைச்சீலை, இன்றைக்கு அரண்மனை வாடகை கேட்கும். அடேயப்பா என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த விலையைக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. அப்படியிருந்தும் ரொம்ப நாள் இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மதுரையில் ஒரு நுகர்வோர் சங்கம் இருக்கிறது. மலைக்கு வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக அவர்கள் மாதந்தோறும் ஒரு பக்கம் வெளியிடுகிறார்கள். எந்த ஊரில் எந்த மாதிரி அறைக்கு என்ன வாடகை, போன மாதத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று அதில் இருக்கும். அச்சிலும் வரும், போனிலும் பார்க்கலாம். அதற்குக் கொடைக்கானல் விலை எழுதி அனுப்புவது நான். செண்பகனூரில் வீடு. டவுன் பஸ் ஏறினால் பஜார். ஊரில் எல்லோரையும் தெரியும். இதைவிடத் தோதான ஆள் கிடைக்காது என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

வேலையில் விதி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மாதமும் அதே லாட்ஜ், அதே அறை, அதே கேள்வி. இரண்டு பேர், ஒரு ராத்திரி, வெந்நீரோடு எவ்வளவு? "போன மாசம் மாடி ரூமைக் கேட்டுட்டு இந்த மாசம் கீழ் ரூமைக் கேட்டீங்கன்னா, ஏறுனது விலையா நீங்க ஏறுன படியான்னு தெரியாமப் போயிரும்" என்று சங்கத்து மேடம் முதல் நாளே போனில் சொல்லிவிட்டார். நான் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன். எந்த அறையில் கீசர் வந்தது, எதில் இன்னும் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது வரை எனக்கு அத்துப்படி.

மற்ற மலை ஊர்களில் விலை மாதாமாதம் எகிறிக்கொண்டே போகும். கொடைக்கானல் மட்டும் வைத்த இடத்தில் இருக்கும். தீபாவளிக்கும் அதே விலை, மே மாதமும் அதே விலை. மேடமே ஒருமுறை கேட்டார், "என்னங்க, உங்க ஊருல மட்டும் விலைவாசிங்கிறதே கிடையாதா?" எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊரு ஆளுக அப்படிங்க. பேராசை கெடையாது" என்றேன். டூரிஸ்டுகள் வாடகையைப் பற்றிப் புலம்புவது பஸ்ஸில் காதில் விழத்தான் செய்யும். பைக்கில் சாவியை ஆட்டிக்கொண்டு வண்டிகளை மறிக்கும் புரோக்கரிடம் மாட்டியிருப்பார்கள், லாட்ஜில் நேராகப் போய்க் கேட்டிருந்தால் இந்தக் கதி வருமா என்று மனதுக்குள் அவர்களைத் திட்டுவேன்.

அந்தப் பக்கத்தை எழுத்துவிடாமல் நம்பிய ஓர் ஆள் எங்கள் மதினி. தூரத்து உறவில் எனக்கு மதினி முறை. பிறந்தது கவுஞ்சியில், கேரட்டும் பூண்டும் போடுகிற குடும்பம். வாழ்க்கைப்பட்டது வட்டக்கானலில். அண்ணன் இறந்துபோன பிறகு, பள்ளத்தாக்கு ஓரத்தில் இருந்த வீட்டில் இரண்டு அறையை ஒழித்து டூரிஸ்டுகளுக்கு விட்டுப் பிழைத்துவந்தார். வாடகை எவ்வளவு வைப்பது என்று என்னைத்தான் கேட்பார். "ஒங்க பக்கத்துல என்ன போட்டிருக்கோ, அதுல முன்னூறு ரூவா கொறைச்சுச் சொல்லிக்கிறேன். நம்ம வீடு லாட்ஜு இல்லல்ல?" என்பார். அவர் வளர்ந்த விதம் அப்படி. மூட்டையைக் கட்டி மண்டிக்கு அனுப்புவார்கள், என்ன விலை என்று மண்டியில் சொல்வார்கள், வாங்கிக்கொண்டு வருவார்கள். தன் பொருளுக்குத் தானே விலை சொல்வது என்ற பழக்கமே அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. என் பக்கம் அவருக்கு மண்டி மாதிரி.

அந்த வருடம் சீசன் தொடங்கும்போதே மதினி சோர்ந்துவிட்டார். தண்ணி லாரிக்குக் கொடுக்க வேண்டும், கேஸ், கரண்டு, போர்வை துவைக்க ஆள். "கட்டுபடியாகலத்தா. வெளியூர் பார்ட்டி ஒண்ணு வீட்ட லீசுக்குக் கேக்குது. நீண்ட லீசு. அவுக வெள்ளையடிச்சு, கண்ணாடி போட்டு, என்னமோ பண்ணிக்கிருவாக. நான் வத்தலக்குண்டுல மகன் வீட்டுக்குப் போயிர்றேன்" என்றார். கீழே வெயிலில் மதினியால் இரண்டு நாள் இருக்க முடியாது, உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துவிடும். மகன் வீடும் ஒற்றைப் படுக்கையறை வீடு. ஆனாலும் நான் என்ன சொல்வது? விலை ஏறவே இல்லையே, நானேதானே மாதாமாதம் எழுதுகிறேன்! "பாத்துக்கோங்க மதினி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மே மாதம் ஒரு திங்கட்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பஜாரில் பாய் கடைக்குப் பூண்டு வாங்கப் போனேன். கீழே மளிகை, மாடியில் அவருடைய லாட்ஜ். என் கணக்கில் அந்த லாட்ஜும் உண்டு. கடை வாசலில் குழந்தை குட்டியோடு ஒரு விருதுநகர்க் குடும்பம் நின்றுகொண்டிருந்தது. வாடகை கேட்டார்கள். பாய் சொன்னார். என் கையிலிருந்த பூண்டு கூடைக்குள் விழுந்தது. நான் எழுதுவதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்! அந்த மனிதர் போனை எடுத்து நீட்டி, "என்னங்க அநியாயமா இருக்கு, இதுல ஆயிரத்துச் சொச்சம்னுல்ல போட்டிருக்கு?" என்றார். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இத எவன் போட்டான்னு தெரியலையே சார்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எவனும் போடல பாய். நாந்தேன் போட்டேன். போன வாரம் இதே எடத்துல நின்னு நீங்க எங்கிட்டச் சொன்ன ரேட்டு என்ன?"

பாய் பதறிப்போனார். "ஏம்மா, அது ஒங்களுக்குச் சொன்ன ரேட்டும்மா."

"எனக்கெதுக்கு? வீடு வாசல் இல்லாமயா ஒங்க லாட்ஜுல வந்து படுக்கப் போறேன்?"

"ஒங்க சொந்தக்காரவுக யாராச்சும் வருவாங்க, அதுக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். மாசா மாசம் கேப்பீங்க. ஒரு மாசமும் ஒருத்தரும் வந்து தங்குனதில்ல. பாவம், சொந்தபந்தம் சரியில்ல போலருக்குன்னு வீட்டுல சொல்லி வருத்தப்பட்டிருக்கேன்."

அந்த விருதுநகர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சங்கத்துக்கு எழுதுறேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"சொன்னீங்க, இல்லங்கல. அதுக்காக? நம்ம ஊரு ஆளு மொகத்தப் பாத்து வெளியாளு ரேட்டச் சொல்ல வாய் வரலியேம்மா. நான்னு இல்ல, நீங்க யாருகிட்டப் போயி நின்னாலும் இப்பிடித்தேன் சொல்லியிருப்பாக." சொல்லிவிட்டு அவரே அந்தக் குடும்பத்தைப் பார்த்துத் திரும்பி, "சரி சார், அந்தம்மா போட்ட ரேட்டுக்கே இன்னைக்குத் தங்கிக்கோங்க. அவுக மொகத்துக்காக" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

நான் பஜாரில் நின்ற இடத்திலேயே நின்றேன். ஏரிப் பக்கம் ஒருவர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒருவர், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தைகூட இல்லாதவர்கள் இரண்டு பேர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று அத்தனை பேரும் பேசிவைத்துக்கொள்ளாமலே, இத்தனை வருடமாக, மாதம் தவறாமல், என் முகத்தைப் பார்த்து ஒரே மாதிரி குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்! ஒரு ஊரே சேர்ந்து ஒருத்திமேல் இவ்வளவு பிரியம் வைக்குமா? மலைத்துப் போனேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வந்த வேகத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மதினி வீடு. எனக்குச் சொன்ன விலையில் முன்னூறு குறைத்து ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் விட்டுக்கொண்டிருக்கிறாரே! திங்கட்கிழமை கையெழுத்து!

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் மதினியை எனக்குத் தெரியும். "பாய் யாவாரி, அவரு பஜாருல இருக்காரு, அவரு சொல்லுவாரு" என்று தள்ளிவிடுவார். மதினி அறையைப் போலவே ஓர் அறை, இரண்டு கட்டில், கீசர், பள்ளத்தாக்கைப் பார்த்த சன்னல், அதற்கு வெளியாள் என்ன கொடுக்கிறான் என்று நானே காதால் கேட்டு வர வேண்டும். ஆனால் இந்த ஊரில் என் முகத்தை வைத்துக்கொண்டு எங்கே போய்க் கேட்பது?

நல்லவேளையாக என் தங்கை லீவுக்கு வந்திருந்தாள். பெங்களூரில் குடித்தனம். அவளுடைய காரில் கர்நாடகா நம்பர். சனிக்கிழமை அவளைக் கிளப்பினேன். அவள் ஓட்ட, நான் குரங்குக் குல்லா, கறுப்புக் கண்ணாடி, மாஸ்க், செருப்புக்குள் சாக்ஸ். எங்கள் ஊரில் டூரிஸ்டைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுவோம். என் வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நானே ஒனக்கு டபுள் ரேட்டுச் சொல்லுவேன், போ" என்றார்.

கோக்கர்ஸ் வாக் பக்கம், மலை விளிம்பில் இருக்கும் ஒரு லாட்ஜுக்குப் போனோம். அதுவும் என் கணக்கில் உள்ளதுதான். அங்கிருக்கும் மேனேஜர் தம்பி மாதாமாதம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து "ஆயிரத்து ஐநூறு" என்று சொல்லி அனுப்புவான். அவன் கார் நம்பரைப் பார்த்தான், என் சாக்ஸைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு தங்கையிடம் இங்கிலீஷ் கலந்து சொன்னான், "வியூ ரூம் மேடம். ஃபைவ் ஃபைவ். வீக்எண்ட் இல்லையா." ஐயாயிரத்து ஐநூறு! எனக்குக் குல்லாவுக்குள் வேர்த்தது.

"ரூமைப் பாக்கலாமா?" என்றாள் தங்கை.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அந்த அறைக்குள் போனதில்லை. கவுண்டரில் கேட்பேன், எழுதுவேன், பஸ் பிடிப்பேன். கீசர் வந்ததைக்கூட அவன் சொல்லித்தான் எழுதினேன். என்ன பொருளுக்கு விலை எழுதுகிறோம் என்று பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.

முட்டி வலி என்று முனகிக்கொண்டே அவர்கள் பின்னால் படியேறினேன். மேனேஜர் தம்பி அறையைத் திறந்து திரையை இழுத்தான். ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. "கொஞ்சம் பொறுங்க மேடம், தெறந்துரும்" என்றான். நின்றோம். முதலில் ஒரு யூகலிப்டஸ் மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அடுத்து ஒரு மலை முகடு கறுப்பாக வந்தது. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலேயே, அந்த வெள்ளை கீழே இருந்து விலகத் தொடங்கியது. விலக விலக ஆழம். இவ்வளவுதான் என்று நினைக்கும்போது அதற்கும் கீழே இன்னும் ஆழம். அடியில், எங்கேயோ, பெரியகுளத்துப் பக்கத்துத் தோப்புகள், வயல், வைகை அணையின் தண்ணீர் ஒரு துண்டு மினுங்கிக்கொண்டு கிடந்தது. மேகம் எங்கள் காலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு கழுகு பறந்தது. நான் அதன் முதுகைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கழுகைக் கீழே இருந்து, அதன் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊரில் பிறந்தவள்தான் நான். பள்ளத்தாக்கைப் பார்க்காதவள் இல்லை. துணி காயுமா என்று பார்த்திருக்கிறேன். மழை ஏறி வருகிறதா என்று பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது வாந்தி வந்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு பார்க்காமலும் இருந்திருக்கிறேன். ஒரு சோலியும் இல்லாமல், சும்மா நின்று, பார்ப்பதற்காகவே பார்த்தது அன்றைக்குத்தான். இதற்கா இவ்வளவு விலை என்று கேட்க வாயைத் திறந்தவள் இதற்குத்தானா என்று அப்படியே நின்றுவிட்டேன். தங்கை என் முதுகைத் தட்டி, "போலாமா?" என்றபோதுதான் மூச்சு விட்டேன்.

யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் தங்கை காருக்குப் போனாள். நான் படியிறங்கும்போது அந்தத் தம்பி பின்னாலேயே வந்தான். மெல்லிய குரலில், "அக்கா, அந்தக் குல்லாவக் கழட்டுங்க. வேர்க்குது பாருங்க" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடப்பாவி, தெரிஞ்சிருச்சா?"

"முட்டி வலின்னு நம்ம ஊரு பேச்சுல மொனகிக்கிட்டே படியேறுற டூரிஸ்டு யாருக்கா? ஒங்க கொரலு தெரியாதா எனக்கு?"

"பெறகு ஏன்டா அந்த ரேட்டுச் சொன்ன?"

"ஒங்க மொகம் தெரியலையேக்கா" என்றான் ரொம்ப இயல்பாக. "மொகம் தெரியலன்னா சொல்லிரலாம்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே ஜீப் பிடித்து வட்டக்கானல் போனேன். மதினி அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். போர்வையெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மதினி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயாயிரத்து ஐநூறா? யாத்தே! தங்கக் கட்டிலா போட்டிருக்கான்?"

"கட்டில் ஒங்க கட்டிலவிட மோசம் மதினி. அந்தக் காசு சன்னலுக்கு."

"சன்னலுக்கா?"

"சன்னலுக்கு வெளிய இருக்கதுக்கு."

மதினி எழுந்து உள் அறைக்குப் போனார். அவருடைய சன்னலுக்குக் குறுக்கே கொடி கட்டி ஈரத் துண்டுகளைக் காயப் போட்டிருந்தார். தங்க வந்தவர்கள் அந்தத் துண்டுகளை ஒதுக்கிவிட்டுத்தான் வெளியே பார்த்திருக்க வேண்டும். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்தார். கொடியையும் அவிழ்த்தார். பள்ளத்தாக்கு அன்றைக்கு அடிவரை திறந்து கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அழுகிறாரோ என்று பக்கத்தில் போனேன். அழவில்லை. கண் அகல விரிந்திருந்தது.

"ஏத்தா" என்றார். "இத்தன வருசமா இத நான் ஓசியிலயா பாத்துக்கிட்டிருந்தேன்?"

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. யாரோ ஒரு புருஷன் பெண்டாட்டி, கேரளா வண்டி. ரூம் இருக்கிறதா, எவ்வளவு என்று கேட்டார்கள். மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய்வரைக்கும் வந்ததை நான் முழுங்கிக்கொண்டேன். இதில் நான் விலை சொன்னால் அது மறுபடியும் மண்டி விலைதானே. மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். வந்தவர்களைப் பார்க்காமல், பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு, "நாலாயிரம்" என்றார்.

"வெந்நீர் கிட்டுமோ?" என்று மட்டும் கேட்டார் அந்தப் பெண். பெட்டியை இறக்கினார்கள்.

மதினி அடுப்படிக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேரங்கூடப் பேசலத்தா" என்றார். அப்புறம் மூட்டையை அவிழ்த்துப் போர்வைகளை எடுத்து விரித்தார். அந்த வெளியூர் பார்ட்டிக்குப் போன் போடச் சொன்னார். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குக் கூட்டிப்போய் நான் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் என்ன கேட்டார்களோ தெரியாது, இந்தப் பக்கம் மதினி சொன்னது இவ்வளவுதான்: "இல்லங்க, வீடு குடுக்குறதா இல்ல. எனக்கே வேணும்."

அந்த மாதம் நான் அனுப்பிய விலையைப் பார்த்துவிட்டு மதுரை மேடம் பதறிப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, பழைய விலையெல்லாம் ஊர்க்காரருக்குச் சொன்னது என்று பக்கத்தின் அடியில் ஒரு குறிப்புப் போட்டார். இப்போது நான் யாருடைய முகத்துக்கு எதிரேயும் போய் நிற்பதில்லை. பாய், "வெளிய போயி போன் போடுங்கம்மா, ஆளப் பாக்காமச் சொல்லிர்றேன்" என்பார். தெருவைத் தாண்டி எதிர்க்கடை வாசலில் நின்று போன் போடுவேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறாராகச் சொல்வார். திரும்ப உள்ளே போனால் டீ வரும்.

மதினி அறையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வட்டக்கானலில் அவர் வீட்டுக்குள் போனில் சிக்னல் எடுக்காது. அங்கே நேரில்தான் போக வேண்டும். முதல் தடவை போய், "மதினி, இந்த மாச ரேட்டு என்ன?" என்று பேனாவைத் திறந்தேன். மதினி என் முகத்தைப் பார்த்து, "ஆயிரத்து..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம். மறுபடி முயன்று பார்த்தார், முடியவில்லை.

"ஏத்தா, நீ கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பி நில்லு" என்றார்.

நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கொடியும் இல்லை, துண்டும் இல்லை. மிஸ்ட் விலகிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து மதினியின் குரலில் விலை வந்தது, தயங்காமல், முழுசாக. எழுதிக்கொண்டேன். எழுதி முடித்த பிறகும் நான் திரும்பவில்லை.